ஏலத்தில் பள்ளி பஸ் எடுக்கிறவர்கள் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஒரு நர்சரி பிரைமரி பள்ளி நடத்துகிறேன். மொத்தம் 240 பிள்ளைகள். பாதிக்கு மேல் கடத்தூர், பொம்மிடி, மெணசி சுற்றுவட்டக் கிராமங்களில் இருந்து எங்கள் வண்டிகளில் வருகிறவர்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் விடியும் முன்னே பூப்பறிக்கவோ மரவள்ளிக் காட்டுக்கோ போய்விடும் வீடுகள். வண்டி வந்தால்தான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியும்.

எங்களிடம் நான்கு வண்டிகள் இருக்கின்றன. அதில் மூன்றை ஏலத்தில் எடுத்தேன், 2016, 2019, 2022 என்று மூன்று தடவை. முதல் தடவை பட்ட பாட்டினால் அடுத்த இரண்டையும் நிதானமாக எடுத்தேன். சிறு பள்ளி நடத்துகிறவர்கள், ஒரே ஒரு வேனை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்று வருஷம் நாலைந்து பேராவது வந்து விவரம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. ஏலத்தில் நிற்கும் தொகை வண்டியின் விலை ஆகாது. முதல் பிள்ளை படியில் கால் வைக்கும் நாள் வரைக்கும் ஆகிற எல்லாம் சேர்ந்ததுதான் விலை. 2019-ல் கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம், ஏலத்துக்கு வரும் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் 2013 மாடல், 32 சீட் பஸ் ஒன்றை 3,60,000 ரூபாய்க்கு எடுத்தேன். கூட வந்தவர், "சல்லிசா முடிஞ்சிருச்சுங்க மேடம்" என்றார். அதன் பிறகு ஆனதைச் சொல்கிறேன். ஏலக் கம்பெனிக் கட்டணமும் அதன் வரியும் 11,000. யார்டில் நின்ற நாட்களுக்கு வாடகை 6,500. கிரேன் வைத்து இழுத்துவர 9,000. பழைய ஓனர் கட்டாமல் விட்ட வரி 14,200. டயர் நான்கு, 44,000. தளம் மட்டும் 38,000. பிரேக் வேலை 16,500, சீட்டும் ஜன்னல் கம்பியும் 21,000, பெயிண்ட் 24,000, பேட்டரி 9,300. இன்சூரன்ஸ் 41,000. பெயர் மாற்றத்துக்கும் எஃப்.சி.க்கும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) 7,500. கூட்டினால் 6,02,000 ரூபாய். அதே மாதம் அதே மாடலை எஃப்.சி.யோடு, ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், வேறொரு பள்ளி 6,50,000-க்குக் கொடுப்பதாக இருந்தது. ஆக, இரண்டரை மாதம் அலைந்ததில் எனக்கு மிஞ்சியது 48,000. எங்கள் பள்ளியில் அது இரண்டு ஆசிரியைகளின் மூன்று மாதச் சம்பளம், அதனால் அலைந்தது வீண் என்று நினைக்கவில்லை. ஆனால் அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு ஏலம் சரிப்படாது. ஓடுகிற வண்டியை நேரடியாக இன்னொரு பள்ளியிடம் பேசி வாங்குங்கள்.

அதனால் நான் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறேன். அதே மாடல் வெளியே ஓடும் நிலையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று மூன்று பேரிடம் விசாரிப்பேன். அதிலிருந்து டயர், தளம், வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கழிப்பேன். மெக்கானிக் சொல்லும் செலவில் கால் பங்கைக் கூட்டியும் கழிப்பேன், ஏனென்றால் கழற்றிய பிறகுதான் பாதி தெரியும். மீதி வருவதுதான் என் கடைசித் தொகை.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் எல்லாப் பள்ளிகளும் வண்டி தேடும். மே மாதத்தில் போக்குவரத்து, போலீஸ், வருவாய், கல்வி என்று எல்லாத் துறையும் சேர்ந்து பள்ளி வண்டிகளைக் கூட்டாய்வு செய்வார்கள், அதற்குள் தயாராக வேண்டுமே என்ற பதற்றத்தில் விலையை ஏற்றிக் கேட்பார்கள். ஆயுத பூஜை முடிந்து பொங்கலுக்குள் பாருங்கள். போட்டியும் குறைவு, வேலை செய்யவும் நேரம் இருக்கும்.

ஏலங்கள் எங்கே நடக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு அதிகம் பயன்படுவது டியூ கட்டாமல் பைனான்ஸ் கம்பெனியோ வங்கியோ எடுத்துவைத்த வண்டிகள்தான். கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் பக்கத்து யார்டுகளில் நிற்கும். ஏலம் பெரும்பாலும் ஆன்லைனில் நடக்கும், வண்டியை நேரில் பார்க்க இரண்டு மூன்று நாள் கொடுப்பார்கள். இரண்டாவது, போலீஸ் ஏலம். கர்நாடக எல்லை பக்கம் என்பதால் மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலாகும் வண்டிகள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறைய, ஆனால் அவை முக்கால்வாசி பைக்கும் காரும். பஸ் தேடி அங்கே போக வேண்டாம். மூன்றாவது, அரசுத் துறைகளும் போக்குவரத்துக் கழகமும் கழித்துக்கட்டும் வண்டிகள். இவை எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் வரும். 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிப்பது கிடையாது, அவை உடைக்கத்தான் போகும். கழித்துக்கட்டிய அரசு பஸ்ஸை வாங்கிப் பள்ளிக்கு ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இனி காகிதம். வண்டியைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்க வேண்டும், 2016-ல் இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

அந்த வண்டி ஓசூர்ப் பதிவு, டி.என். 70. இன்ஜின் அருமை, உடம்பும் பரவாயில்லை. ஏலத்தில் எடுத்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர், அதாவது ஹெச்.பி., அப்படியே இருந்தது. அதை நீக்க அந்தக் கம்பெனி படிவம் 35-ல் கையெழுத்துப் போட்டு என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, தர வேண்டும். "முப்பது நாளில் வந்துவிடும்" என்று வாயால் சொன்னார்கள், நம்பினேன். கிளை மேலாளர் மாறினார். பழைய ஓனர் கையெழுத்துப் பொருந்தவில்லை என்றார்கள். ஃபைல் சென்னைக்குப் போயிருக்கிறது என்றார்கள். ஐந்து மாதம் அந்த வண்டி எங்கள் பள்ளிக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றது. ஜூனில் அதில் வர வேண்டிய 38 பிள்ளைகளுக்கு வாடகை வேன் பேசி, அந்தச் செலவுக்காக நகையை அடகு வைத்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஒரே ஒரு காகிதம் இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். ஏல அறிவிப்பில் பதிவு எண் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்ப்பேன். எஃப்.சி. எந்தத் தேதி வரை, வரி எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் இருக்கிறதா, பைனான்ஸ் பெயர் யாருடையது, வண்டி பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறதா என்று எல்லாம் தெரியும். பைனான்ஸ் பெயரும் ஏலம் விடுகிறவர் பெயரும் ஒன்றாக இல்லை என்றால் ஏன் என்று எழுத்தில் கேட்பேன். அபராதச் சலான் பாக்கியைத் தனியாகப் பார்ப்பேன்.

அடுத்தது, பெயர் மாற்றம் எந்த வழியில் நடக்கும் என்று கேட்க வேண்டும். கம்பெனியிடம் பழைய ஓனர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இருந்தால் நேராக நம் பெயருக்கு வரும். இல்லையென்றால் கம்பெனி முதலில் படிவம் 36 போட்டு ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு நமக்குத் தர வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், அதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்தால் வழி வேறு. படிவம் 32, விற்பனையை உறுதிசெய்யும் ஆணை, ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணையின் சான்றிட்ட நகல் என்று எல்லாவற்றையும் வைத்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏலம் எடுத்த அன்றே அந்த ஆணை நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். நாளைக்கு வாங்க என்றால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பெங்களூரு யார்டில் விலை குறைவு என்று ஓசூர் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகப் பதிவு வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. என்.ஓ.சி. வேண்டும், இங்கே புது எண் போட வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். தெரிந்த ஒரு வேன்காரர் அங்கே மிச்சம் பிடித்ததையெல்லாம் இங்கே கட்டினார். பள்ளி பஸ்ஸைத் தனியாளாக வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். கல்வி நிறுவன வண்டிக்கு வரி குறைவு. அதை நம் பெயருக்கு மாற்றி வாடகைக்கு ஓட்டினால் அந்தச் சலுகை போய்விடும், வண்டியின் வகையையே மாற்றியாக வேண்டும், வரி பல மடங்கு வரும். மஞ்சள் பஸ் மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, காகிதம் தேறிவிட்டது. இப்போது யார்டுக்குப் போகலாம்.

கடத்தூரில் இருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போவேன். அன்றைய கூலி, சாப்பாடு எல்லாம் என் செலவு. வண்டி தேறினாலும் தேறாவிட்டாலும் அதே கூலி என்று முதலிலேயே பேசிவிடுவேன். தேறினால் கமிஷன் என்று வைத்தால் எந்த வண்டியும் தேறிவிடும். அவர் பையில் டார்ச், நீளமான ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய ஒரு காந்தம், கீழே படுக்க அட்டை. கூடவே சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரியும் கொண்டுபோவோம், யார்டு வண்டிகளில் பேட்டரி செத்தே கிடக்கும்.

எல்லாரும் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். நான் உள்ளே ஏறி ரப்பர் விரிப்பைத் தூக்குவேன். காரணம் இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரத்துக்குப் பக்கம் முடிச்சூரில், ஓடுகிற பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து இறந்துபோனாள். அந்த வருஷம்தான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பள்ளியிலும் இரண்டாம் வகுப்பு இருக்கிறது. இன்றைக்கும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் கண் தளத்துக்குத்தான் போகும்.

தளத்தை எப்படிப் பார்ப்பது? விரிப்பின் ஓரத்தை ஒரு இடத்தில் மட்டும் தூக்கிப் பார்த்துப் பயனில்லை. நான்கு இடம் முக்கியம். படிக்கட்டுக்கு நேர் மேலே, மழையில் நனைந்த செருப்போடு பிள்ளைகள் வந்து நிற்கும் இடம். பின் சக்கரங்களுக்கு மேலே வளைந்து வரும் தகடு, ரோட்டுச் சேறு அடித்து அடித்து உள்ளிருந்து அரிக்கும். அவசர வழிக் கதவின் அடிப்பக்கம். கடைசி சீட்டின் கீழே, தண்ணீர் பாட்டிலும் மோர்க் குழம்பும் கொட்டி யாரும் துடைக்காத மூலை. மேலே பளபளவென்று செக்கர் ஷீட் (மேடு மேடாகக் கோடு போட்ட தகடு) அடித்திருந்தால் இன்னும் உஷாராகுங்கள். 2019 வண்டியில் அப்படித்தான் இருந்தது. அண்ணன் அட்டையைப் போட்டு அடியில் படுத்தார். மேலே நான் படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். டக் டக் என்று ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே வந்தவர், என் காலுக்கு நேர் கீழே வந்தபோது சத்தம் மாறியது, மண்பானையைத் தட்டியது போல. "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அழுத்தினார். துருத்தூள் அவர் முகத்தில் கொட்டியது, ஸ்க்ரூ டிரைவர் முனை பழைய தகட்டைத் துளைத்துக்கொண்டு புது ஷீட்டில் போய் முட்டி நின்றது. அதாவது ஓட்டையான தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசை அடித்து மூடியிருக்கிறார்கள். கூட்டாய்வில் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த வண்டியை எடுத்தேன் என்றால், குறுக்குச் சட்டங்கள் திடமாக இருந்ததாலும், பழைய தகட்டை முழுக்க வெட்டி எறிந்து புதுத் தளம் போட 38,000 ஆகும் என்று கணக்கில் சேர்த்துத்தான் கேட்டேன் என்பதாலும். குறுக்குச் சட்டமே அரித்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அப்புறம் காந்தம். பக்கவாட்டுத் தகட்டில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடிக்காமல் வழுக்கும். ஓரிரு இடம் பரவாயில்லை, ரோட்டில் ஓடும் வண்டி உரசத்தான் செய்யும். ஜன்னலுக்குக் கீழே ஒரு முழு நீளத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் வண்டி உருண்டிருக்கலாம். பின்னால் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறதா என்று. சாய்ந்திருந்தால் கமான் பட்டை, அதாவது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, உடைந்திருக்கும், அல்லது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் சேதம். பட்டை பொருந்தும் இடங்களில் சேசிஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பட்டையை மாற்றிவிடலாம். விரிசல் விட்ட சேசிஸை ஒட்டவைத்துப் பிள்ளைகளை ஏற்ற என் மனசு ஒப்பாது.

சேசிஸ் எண்ணை நேரில் பாருங்கள். மண்ணைத் துடைத்து, அதன் மேல் வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். 17 எழுத்தும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து தெளிவில்லை என்றாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்திவிடுவார், அவர் நிறுத்துவதும் சரிதான்.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், எவ்வளவு இருக்கிறது என்பதோடு வயசையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தும் பக்கவாட்டில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தால் அது வெயிலில் நின்று காய்ந்த டயர், தூக்கிப்போட வேண்டியதுதான். ஸ்டெப்னியோடு ஏழு டயர் என்பதை மறக்காதீர்கள். ஏழின் எண்களையும் போட்டோ எடுங்கள். பேட்டரியையும் எடுங்கள். அந்தக் கிருஷ்ணகிரி யார்டில் பார்த்த அன்று புதுசாக இருந்த பேட்டரி, பணம் கட்டி எடுக்கப் போன அன்று இல்லை. கேட்டால், "முன்னாடியே அப்படித்தான் மேடம்" என்றார்கள். என்னிடம் போட்டோ இல்லை. மேலே சொன்ன 9,300 ரூபாய் அப்படிப் போனது.

இன்ஜினுக்கு வருகிறேன். யார்டில் ஸ்டார்ட் செய்ய விடுவார்கள், ஓட்டிப் பார்க்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள். நிற்கும்போதே பார்க்க முடிந்ததைப் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கிறதா என்று ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் தொட்டுப் பாருங்கள், நமக்கு முன்னால் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலை ஸ்டார்ட்டிங் எப்படி என்று தெரியாது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வரலாம், புகைபோக்கி மாதிரி குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் வேலை. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிரேக்குக்கு, ஏர் ஏறி மீட்டர் நின்றதும் இன்ஜினை அணைத்து, பெடலை மிதித்தபடியே இரண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுங்கள். முள் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிவு.

ரேடியேட்டரை நம் பக்கத்து ஆட்கள் தனியாகப் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் எப்படி என்று நம் வீட்டுக் குடமே சொல்லும். கூலன்ட் வாங்கக் காசில்லாமல் வருஷக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்பார்கள். மூடியைத் திறந்து விரலை விட்டால் உள்ளே வெள்ளையாகச் சொரசொரவென்று உப்பு தட்டுப்படும். சமவெளியில் ஓடும்வரை அது தெரியாது. 2022 வண்டியைச் சேலத்தில் இருந்து ஓட்டி வந்தபோது மஞ்சவாடிக் கணவாய் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனதும் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் நின்றோம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது குழாய்களில் பாதி அடைத்திருந்தது. உப்புத் தட்டினால் அந்தச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டி என்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைத்தான் கூட்டிப் போக வேண்டும். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்ப்ளூ திரவ டேங்க்கோடு நீண்ட நாள் நின்ற வண்டியில் அது உப்பு மாதிரி உறைந்து பம்பையும் இன்ஜெக்டரையும் அடைத்துவிடும், சென்சார் செலவும் சேரும். எங்களைப் போன்ற பள்ளிக்கு நன்றாக இருக்கிற பி.எஸ். 4 வண்டியே போதும் என்பது என் எண்ணம்.

அந்த 2022 வண்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த இருபது மாதத்தில் டியூ கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்த சிறு பள்ளிகள் எத்தனையோ. இதுவும் அப்படி வந்த வண்டி. டிரைவர் சீட்டுக்கு மேலே சன் ஷேடில் ஒரு நோட்டுத் தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். 6.50 பால் சொசைட்டி, அக்கா தம்பி. 6.54 மாரியம்மன் கோவில், 3 பேர். 6.58 கல்லுக்குழி, பாப்பா மட்டும், இறங்கிக் கூட்டிவரணும். இப்படி 23 நிறுத்தம், பேனாவில் குண்டு குண்டாக எழுதியது. நான் படித்துக்கொண்டே நின்றுவிட்டேன். அந்தப் பாப்பாவை இப்போது யார் கூட்டிப் போகிறார்களோ.

மெக்கானிக் அண்ணனும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் வேறொன்று கண்டுபிடித்தார். அடியில் "செகண்ட் ட்ரிப்" என்று இன்னொரு நேரப் பட்டியல் இருந்தது. 23 நிறுத்தம், இரண்டு ட்ரிப், காலையும் மாலையும் என்றால் ஒரு நாளைக்கு 92 தடவை நின்று கிளம்பிய வண்டி. "கிலோமீட்டர் கம்மியா காட்டுதுங்க மேடம், ஆனா கிளட்ச்சும் ஃபர்ஸ்ட் கியரும் படாத பாடு பட்டிருக்கும்" என்றார். கிளட்ச் செலவை முன்கூட்டியே கழித்துத்தான் கேட்டோம், எடுத்த மூன்றாவது வாரம் மாற்ற வேண்டியும் வந்தது. பள்ளி வண்டியில் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். இதுபோல ஒரு தாள், பழைய ட்ரிப் ஷீட், சர்வீஸ் பில் ஏதாவது டேஷ்போர்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

பள்ளிப் பேருந்துக்கு என்று உள்ளவற்றையும் அன்றே சரிபார்த்துவிடலாம். அவசர வழிக் கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும், பல வண்டிகளில் கம்பி வைத்துக் கட்டியிருப்பார்கள், அல்லது கதவை மறைத்துச் சீட் போட்டிருப்பார்கள். சீட்டை எண்ணி ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஜன்னல் குறுக்குக் கம்பி, கைப்பிடிக் கம்பி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, முன்னும் பின்னும் கேமரா என்று இல்லாததை எல்லாம் செலவில் எழுதுங்கள்.

இனி ஏல நாள். முன்வைப்புத் தொகையை வங்கிக் கணக்கு வழியாக, ஏலம் விடும் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, "டோக்கன் 20,000 போடுங்க, வண்டியை நிறுத்தி வைக்கிறேன்" என்று தனியாள் எண்ணைக் கொடுத்தால் அது மோசடி. ஏலத்துக்கு வந்த வண்டியை யாரும் யாருக்காகவும் நிறுத்தி வைக்க முடியாது. விதிமுறைத் தாளில் "உள்ளது உள்ளபடி" என்று இருக்கும். எடுத்த பிறகு எந்தக் குறைக்கும் அவர்கள் பொறுப்பில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மீதிப் பணம் எத்தனை நாளில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் முன்பணம் போகுமா, எந்தத் தேதியில் இருந்து யார்டு வாடகை, வரி பாக்கி யார் தலையில், இந்த நான்கையும் வாசித்துவிடுங்கள். என்.ஓ.சி.யும் படிவங்களும் எத்தனை நாளில் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே நான் பணம் கட்டுவேன். பதில் வராத இரண்டு வண்டிகளை விட்டிருக்கிறேன்.

கடைசித் தொகையை ஒரு தாளில் எழுதி என் மகளிடம் கொடுத்துவிடுவேன். ஆன்லைன் ஏலத்தில் முடியும் நேரத்தில் யாராவது கூட்டிக் கேட்டால் நேரம் தானாக நீளும், ஐயாயிரம் ஐயாயிரமாக ஏறும்போது கை துறுதுறுக்கும். 2019-ல் அந்த வண்டிக்கு முன்னால் வேறொரு வண்டியைக் கேட்டேன். என் தொகை 4,10,000. எதிரில் 4,15,000 வந்ததும், "அம்மா, தாளில் இல்லை" என்று மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள். அப்போது கோபம் வந்தது. பத்து நாளில் 3,60,000-க்கு வேறு வண்டி கிடைத்தது.

எடுத்த பிறகு வண்டியை நகர்த்தும் முன்பே இன்சூரன்ஸ் போடுங்கள். எஃப்.சி. முடிந்திருந்தால் ஓட்டி வரவே கூடாது, கிரேன்தான். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டம், வழக்கும் நம் மேல். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம் என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய பள்ளியின் பெயரை முதல் வேலையாக அழித்துவிடுங்கள்.

எஃப்.சி. ஆகி வந்த பிறகும் நான் உடனே பிள்ளைகளை ஏற்றுவதில்லை. முதல் நாள் கூரை மேல் அரை மணி நேரம் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடிக்கச் சொல்லி உள்ளே உட்கார்ந்திருப்பேன். எங்கே சொட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவேன். மறுநாள் காலை 6.30-க்கு டிரைவர் அண்ணனும் உதவியாளர் அக்காவும் நானும் மட்டும் முழு ரூட்டையும் போய் வருவோம், எல்லா நிறுத்தத்திலும் நிறுத்தி, கதவு திறந்து மூடி. நான் கடைசி சீட்டில் உட்காருவேன், குண்டுக்குழியில் அதிகம் தூக்கிப்போடும் இடம் அது, தளத்தில் எங்காவது தகடு கடகடத்தால் அங்கேதான் முதலில் கேட்கும். மெணசி ரோட்டில் அந்த மூன்று வேகத்தடைகளையும் தாண்டும்போது சத்தம் வரவில்லை என்றால், திரும்பி வந்ததும் அன்று மாலைக்கே பெற்றோருக்கு வண்டி எண்ணை அனுப்பிவிடுவேன்.